சந்தனம் பட்ட பிளாப்பி

ஆயுத பூஜைக்கு மறுநாள். வீட்டில் சுத்தியல், அரிவாள்மணை, மகளின் ஸ்கூட்டி என்று எல்லாவற்றுக்கும் கிடைத்த சந்தனப் பொட்டு என் பென் டிரைவுக்கும் கிடைத்திருந்தது. தொண்ணூறுகளின் விண்டோஸை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. அதற்காகத் தயார் செய்து வைத்த டிரைவ். துடைக்க எடுத்தேன். காய்ந்த சந்தன வாசனை. அவ்வளவுதான், பஷீர் நினைவில் வந்துவிட்டான்.

தி.நகரில் இரண்டு புடவைக் கடைகளுக்கு நடுவே, பக்கவாட்டில் நடந்தால்தான் ஏற முடிகிற ஒரு மாடிப்படி. மேலே ஒற்றை அறை. அதுதான் அந்த நாளில் எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. முதலாளி மயிலாப்பூர்க்காரர், மாமா என்போம். வேலைக்கு நானும் பஷீரும். இரண்டு பேருமே கையைச் சுட்டுக்கொண்டு தொழில் கற்றவர்கள். அப்போது விண்டோஸ் ஒரு கட்டு பிளாப்பிகளில் வரும். ஒன்றைத் தின்றுவிட்டு அடுத்ததைக் கேட்கும். திரையில் கோடு நகர்கிற வரை வேலையே இல்லை, பேச்சுதான். பொறுமையில்லாமல் நான் மவுஸை ஆட்டினால் பஷீர் கையைத் தட்டிவிடுவான்.

"தம்முல கீற பிரியாணிய தொறந்தவனும், ஓடிக்கினு கீற இன்ஸ்டால ஆட்னவனும் உருப்பட்டதில்ல நைனா!"

கடைக் கம்ப்யூட்டரில் அவன் ஒரு வேலை செய்து வைத்திருந்தான். திறந்ததும் வருகிற மணியோசையை எடுத்துவிட்டு, மைக்கில் பேசித் தன் குரலைப் போட்டிருந்தான். காலையில் பொத்தானை அழுத்தினால், "இன்னா மச்சி, துன்ட்டியா?" என்று கேட்கும். நான் அசோக் நகரில் தனியாக அறை எடுத்துக் கிடந்தவன். சாப்பிட்டாயா என்று கேட்க இந்த ஊரில் எனக்கு வேறு நாதியில்லை. "துன்ட்டேன்டா" என்பேன், பெரும்பாலும் பொய். மாமா தலையில் அடித்துக்கொள்வார். "டப்பாவோட பேசிண்டிருக்கான் பாரு, பைத்தியம்!"

ஒரு ஆயுத பூஜையன்று மாமாவுக்கு பக்தி முற்றிவிட்டது. கட்டிலிருந்த ஒவ்வொரு பிளாப்பியின் உலோக மூடிக்கும் பொட்டு வைத்தார். (பொரியில் பாதியைத் தீர்த்தவன் பஷீர்.) அடுத்த வாரமே கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால்தான் உண்டு. பஷீர் ஒவ்வொரு மூடியாகத் தள்ளிப் பார்த்தான். ஒன்றில் சந்தனம் உள்ளே வழிந்து காய்ந்திருந்தது.

"இன்னா மாமா, நெத்தில வெக்கிற பொட்ட புள்ள கண்ணுலயே வெச்சிக்கீற!"

தெருக்கோடி கம்ப்யூட்டர் கடையில் அதே பிளாப்பி இருந்தது. நகல் எடுக்க வெற்று பிளாப்பி வேண்டுமே? எங்களிடம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் என் கையில். அழிப்பதற்கு முன் பஷீரின் குரலை அதில் எடுத்து வைக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அவன் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

"என் குரலுக்கு இன்னாத்துக்கு பிளாப்பி? நான் இங்கதான கீறேன்? சாய்ந்திரம் பேசிக் குட்துட்றேன் போ."

நியாயம்தானே. ஆள் எதிரில் நிற்கும்போது குரலை யார் எடுத்து வைப்பார்கள்?

சாயங்காலம் விண்டோஸ் ஏறி முடிந்தபோது மைக் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போயிருந்தது. அப்புறம் தீபாவளி நெரிசல். அப்புறம் மழை. மழையோடு பஷீருக்குக் கண் மஞ்சளித்தது. "கீழாநெல்லி துன்னுகினு கீறேன் மச்சி, வந்துட்றேன்" என்று கடைக்கு போன் செய்தான். வரவில்லை. கச்சேரி ரோட்டுப் பக்கம் அவன் வீட்டிலிருந்து அவனை அடக்கத்துக்குத் தூக்கிப் போனபோது மழை விட்டிருந்தது.

மறுநாள் கடையில் பொத்தானை அழுத்தினேன். வெறும் மணியோசை. மாமா வந்து ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டுப் போனார்.

இன்றைக்குப் பென் டிரைவ் ஒரு டீ ஆறுவதற்குள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டது. அந்த மாடியறை இப்போது புடவைக் கிடங்கு. மாமாவும் போய்விட்டார். போகட்டும். பஷீரின் போட்டோ ஒன்று இருக்கிறது. அவன் பேசினதெல்லாம், இதோ, எழுதக்கூட வருகிறது. ஆனால் எழுதும்போது காதில் விழுவது என் குரல். அவனுடையது எப்படியிருந்தது என்று எவ்வளவு முட்டினாலும் வரமாட்டேன் என்கிறது.

மணியோசை வந்தது, நின்றது. அவன் கேட்கிற கேள்விக்காகக் காத்திருந்தேன்.

"இன்னும் இல்லடா" என்றேன். இந்தத் தடவை நிஜம்.