அக்கா மகன் கழுத்தில் தொங்கிய சூரியன்

எனக்குப் பயம் வந்தால் மூளைக்கு முன்னால் கால் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான். பெரம்பலூரில் என் பேனர் கடையின் ஷட்டரை இழுத்துச் சாத்திப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். திருச்சி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து, பாடாலூர் தாண்டிய பிறகுதான் இரண்டு விஷயங்கள் உறைத்தன. ஒன்று, ரஷ்யாவுக்குப் போகப் பாஸ்போர்ட் வேண்டும், அது என்னிடம் இல்லை. இன்னொன்று, கடைக்குள் ஒரு கஸ்டமர் உட்கார்ந்திருந்தார்.

சிரிக்கலாம். நானே பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் என்னை அப்படி ஓட வைத்தவர்களை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

ஓடுவதற்குச் சற்று முன்னால் ஒரு போன் வந்தது. என் அக்கா மகன். ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான், இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி.

"மாமா, அம்மாட்ட சொல்லாதீங்க."

"என்னடா மாப்ள, வெள்ளக்காரிய கட்டிக்கிட்டியா?"

"ரயில்ல வச்சு அடிச்சுட்டாங்க மாமா. காறை எலும்பு ஒடஞ்சிருக்கு. ஆஸ்பத்திரில இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன்."

நல்லாயிருக்கிறவன் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க மாட்டான்.

"எதுக்குடா அடிச்சானுவ?"

"அம்மா ஒரு டாலர் வாங்கிப் போட்டுக்கச் சொன்னாங்கள்ல, அதுக்கு."

அதோடு லைன் அறுந்துவிட்டது. என் கால் கிளம்பிவிட்டது.

அந்த டாலர் கதையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா இருப்பது மீன்சுருட்டியில். வீட்டுக்காரர் தவறிய பிறகு முந்திரிக் கொல்லையையும் இந்த ஒரு பிள்ளையையும் வைத்துக்கொண்டு காலம் தள்ளியவள். மகன் போட்டோ அனுப்பினால் அது என் கடைக் கம்ப்யூட்டருக்குத்தான் வரும். சேதி சொன்னதும் ஜெயங்கொண்டம், அரியலூர் என்று பஸ் மாறி வந்து, திரைக்கு முன்னால் சாமி சன்னதியில் நிற்கிற மாதிரி நிற்பாள். ஒருமுறை வந்த போட்டோவில் அவன் பனியில் நின்றுகொண்டிருந்தான். பின்னால் ஹாஸ்டல் சுவரில் யாரோ கருப்புப் பெயிண்டில் ஒரு சக்கரம் வரைந்திருந்தார்கள். நடுவிலிருந்து எட்டுக் கை கிளம்பி, எல்லாம் ஒரே பக்கமாக மடங்கியிருந்தது.

"இது என்னடா, நம்ம வூட்டு பூசை ரூம்ல போடுற ஸ்வஸ்திக்காட்டம் இருக்கு? நாலு கைக்கு எட்டுக் கையா வச்சிருக்கான்."

"சூரியனாம்க்கா. அந்த ஊருப் பழைய சாமின்னு எழுதியிருக்கான்."

"பாத்தியா, அங்கயும் சாமி இருக்கு!"

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது ஊரில் குடியேறினால் முதலில் அந்த ஊர் எல்லைச் சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்து, இன்னார் வந்திருக்கிறோம், பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்புப் பற்றவைப்போம். அக்கா மீன்சுருட்டிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது செய்தாள். பெரம்பலூரில் கடை திறந்தபோது நான் செய்தேன். அரியலூருக்கு சிமெண்ட் ஆலை வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்கள்கூட, வாடகைக்கு வீடு விட்டவர் சொன்னார் என்று செய்ததைப் பார்த்திருக்கிறேன். யார் சாமி என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. இடம் அதனுடையது, நாம் சொல்லிவிட்டு இருக்கிறோம், அவ்வளவுதான்.

அக்கா அந்தக் கணக்கை அப்படியே ரஷ்யா வரைக்கும் நீட்டிவிட்டாள். அடுத்த போனிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இத்தன வருசமா அந்த ஊரு சோறு திங்கிற, அந்த ஊரு சாமிகிட்ட ஒரு வார்த்த சொன்னியாடா? கடையில டாலரா விக்கும், ஒண்ணு வாங்கிக் கழுத்துல போடு. அவங்க சாமி உங்கிட்ட கெடந்தா உன்ன வேத்தாளா பாக்க மாட்டாங்க."

அதோடு விடவில்லை. அந்த மார்கழியில் மீன்சுருட்டித் தெருவில், மகன் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று, எட்டுக் கைச் சக்கரத்தைக் கோலமாகப் போட்டு, கலர் பொடி தூவி, நடுவில் சாணி உருண்டையில் பூசணிப் பூ சொருகினாள். தெருவில் நாலு பெண்கள் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். மார்கழி முடிந்தும் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தச் சக்கரம் வாசலுக்கு வந்தது.

இது இருக்கட்டும். பாடாலூர் தாண்டி இறங்கி, எதிர்ப் பக்க பஸ் பிடித்துத் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கினேன். கஸ்டமர் மின்விசிறிக்குக் கீழே நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். இளவட்டம். அவர்கள் சங்கத் தலைவர் பிறந்த நாளுக்குப் பேனர் சொல்ல வந்தவர்.

"எங்கண்ணே போனீங்க? உங்க மருமவன் பேசுனாப்ல. நாந்தான் எடுத்தேன். திரும்பக் கூப்புடுறேன்னாரு."

சொல்லி வாய் மூடுவதற்குள் போன் மணி அடித்தது. இந்த முறை லைன் அறுந்துபோகவில்லை. சேதி முழுதாக வந்தது.

டாலர் விற்றவனே அவனை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தானாம். குளிர்காலம் முழுக்கக் கோட்டுக்குள் இருந்ததால் தப்பித்திருக்கிறது. வெயில் வந்ததும் கோட்டைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறான். ரயில் பெட்டியில் மூன்று பேர். பட்டாளத்துக் கால்சட்டை, பூட்ஸ். ஒருவனுடைய சட்டைக் கையில் அதே சக்கரம் தைத்திருந்தது. எங்கே வாங்கினாய் என்று கேட்டிருக்கிறான். என் மருமகன், அவன் அம்மாவின் பிள்ளையல்லவா, நல்ல ரஷ்ய மொழியில் பதில் சொல்லியிருக்கிறான்: "இது உங்க சூரியன்னு தெரியும். எங்க அம்மாவும் சூரியனக் கும்புடுவாங்க." டாலரைச் சங்கிலியோடு பிடுங்கியதில் கழுத்துத் தோல் கிழிந்துவிட்டது. பிறகு பூட்ஸ். பெட்டியில் இருந்தவர்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்களாம்.

"அது என்ன சனியன் புடிச்ச சக்கரம்டா?" கேட்டுக்கொண்டே கம்ப்யூட்டரில் அந்தப் பழைய போட்டோவைத் திறந்தேன்.

கூடப் படிக்கிற ஒரு பெண் ஆஸ்பத்திரியில் வைத்து அவனுக்கு விளக்கியிருக்கிறாள். அதற்குப் பெயர் கொலோவ்ரத். பழங்கால முன்னோர்களின் சூரியன் என்று சொல்கிறார்கள். அவ்வளவு பழமை உண்டா என்பதே சந்தேகமாம். அவள் வீட்டிலும் பழைய சாமிகளைக் கும்பிடுகிறவர்கள் உண்டு. கோடையில் நெருப்பு மூட்டித் தாண்டுவார்கள், பூமாலையை ஆற்றில் விடுவார்கள், ஒருத்தருக்கும் தொந்தரவு கிடையாது. ஆனால் இந்தக் கூட்டம் வேறு. அந்த நாட்டுக்குத் தெற்கே மலைப் பக்கம் நடந்த சண்டைக்குப் போய் வந்தவர்கள் சிலர், போகாமலேயே பட்டாளத்து உடுப்புப் போட்டுக் காட்டுக்குள் பயிற்சி எடுக்கிறவர்கள் பலர். ஏசு வெளியூர்க்காரர், அடக்கமாக இருக்கச் சொல்கிறார், அவர் வேண்டாமாம். இடிச் சாமியும் வாள் சாமியும்தான் வேண்டுமாம். அந்தக் காலத்து ஜெர்மனிக்காரன் நாஜிச் சின்னத்தைப் போட்டால் போலீஸ் பிடிக்கும். இதைப் போட்டால் எங்கள் பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"இன்னொண்ணு சொன்னா சிரிப்பீங்க மாமா. அவனுங்கள்ல சில பேரு வேதமே அவனுங்களோடதுங்கிறானுவ. வடக்கேருந்து நமக்குக் குடுத்துட்டுப் போனதாம்."

நான் சிரிக்கவில்லை. என் மூதாதையருக்கு வேதம் கொடுத்தவன், அதைத் திருப்பி வாங்க என் அக்கா மகனின் காறை எலும்பைத்தான் உடைக்க வேண்டுமா? சூரியன் இவன் அப்பன் வீட்டுச் சொத்தா? எங்கள் ஊரில் பங்குனி, சித்திரையில் வந்து நின்று பார்க்கட்டும். சூரியன் யாருக்குச் சொந்தம் என்று அரை மணி நேரத்தில் அவன் உச்சந்தலைக்கே தெரிந்துவிடும். அந்த ஊரில் வருஷத்தில் பாதி நாள் எட்டிப் பார்க்காத சூரியனுக்குக் காவல் வேறு! சாமி கும்பிடத் தெரியாதவன் கையில் சாமி கிடைத்தால் அதை ஆயுதமாகத்தான் பிடிப்பான்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கஸ்டமர் தம்பி எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம பையனயா அடிச்சானுவ? அவனுங்கள வெட்டணும்ணே."

"ம்."

"அண்ணே, ஆனா இந்தச் சக்கரம் கெத்தா இருக்குண்ணே. தலைவரு தலைக்குப் பின்னாடி வச்சுருங்களேன், சுத்துற மாதிரி."

"தம்பி, இப்ப பேசுனதெல்லாம் உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுண்ணே. அது அவனுங்க. நாம ஆண்ட பரம்பரை, நம்மளுது வேற."

எங்கள் பக்கத்து ரோடு ஒன்றில் பாலக் கட்டைக்குத் தங்கள் கலரை அடித்துவிட்டு, வேலை முடிந்து களைத்து அதில் உட்கார்ந்த காலனிப் பையனை அடித்த கூட்டம் இவர்களுடையதுதான். ஊருக்கே தெரியும். அந்தப் பையனும் கட்டையை வெறும் கட்டை என்றுதான் நினைத்திருப்பான்.

"தம்பி, பாலக் கட்டைல ஒக்காந்ததுக்கு ஒருத்தன அடிச்சீங்கள்ல? என் மருமவன அடிச்சதும் அதே ஆளுங்கதான். பூட்ஸ் மட்டுந்தான் வேற. நீங்க வேற கட பாருங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. "வார்த்தய அளந்து பேசுங்கண்ணே. கட வச்சிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வீரமாகப் பேசிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வண்டிச் சத்தம் மறையும்வரை மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு நேராக பாத்ரூமுக்குப் போனேன். அடுத்த ஒரு வாரம் எந்த மோட்டார் சைக்கிள் கடை முன்னால் நின்றாலும் நான் பின்பக்கம் பசை காய்ச்சுவதாகப் பாவனை செய்தேன். பேனர் கடையில் பசைக்கு வேலையே கிடையாது.

போன் வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் மீன்சுருட்டிக்குப் போனேன். சொல்ல வேண்டாம் என்று அவன் சொன்னாலும், பெற்றவளிடம் எத்தனை நாள் மறைப்பது? வாசலில் சக்கரம் புத்தம் புதிதாகக் கிடந்தது. எட்டுக் கையிலும் மஞ்சள் பொடி. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் செருப்புக் காலால் தேய்க்க ஆரம்பித்தேன். அக்கா கையில் விளக்குமாறோடு வெளியே வந்தாள்.

"ஏண்டா எடுபட்டவனே, வாசக்கோலத்த கால்ல அழிக்கிற? மூள கீள கழண்டுடுச்சா?"

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று தயாராக இருந்தேன். அவள் அப்படியே விளக்குமாற்றால் மிச்சச் சக்கரத்தைக் கூட்டித் தள்ளினாள். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். மறுபடியும் ஊற்றினாள்.

"நாந்தானே போடச் சொன்னேன்" என்றாள். பிறகு, "போனப் போடு. இன்னிக்கே கெளம்பி வரச் சொல்றேன். டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம். முந்திரி பொறுக்கித் தின்னுக்கலாம்."

டவுனுக்குக் கூட்டிப் போய் ஒரு பூத்திலிருந்து போட்டுக் கொடுத்தேன். அவள் திட்டினாள், கெஞ்சினாள், செத்துப்போவேன் என்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் சொன்னது ரிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்டது.

"வர மாட்டேன்மா. படிச்சு முடிச்சுட்டுத்தான் வருவேன். இது அவனுங்க ஊரு மட்டும் இல்ல. எனக்குக் கஞ்சி வச்சுக் கொண்டாந்து குடுத்துச்சே, அந்தப் பொண்ணு ஊருந்தான்."

 அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பொண்ணுடா?" என்றாள்.

அவன் தங்கிவிட்டான். தனியாக ரயில் ஏறுவதில்லை, இருட்டுவதற்குள் ஹாஸ்டல் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள் அக்கா. சாமி பேச்சு எடுக்கவில்லை. படிப்பை முடித்து, சொன்னபடி திரும்பியும் வந்தான். இடது தோள் சற்று இறங்கியிருந்தது. கழுத்தில் சங்கிலி இழுத்த தழும்பு. அரியலூர் பஸ்ஸில் முன்னால் இடம் காலியாக இருந்தாலும் கடைசி சீட்டில்தான் போய் உட்காருவான். ஏனென்று ஒருநாள் கேட்டேன். முதுகுக்குப் பின்னால் ஆள் இருந்தால் உட்கார முடியவில்லை மாமா என்றான். சொந்த ஊரில், சொந்த ஜனங்களுக்கு நடுவில், டவுன் பஸ்ஸில். இதற்கு எந்தச் சூரியனுக்குக் காவல் நிற்கிறவனைப் போய்ச் சட்டையைப் பிடிப்பது?