பெட்டியில் பேசாத சேதி

என் பேரன்மார் காதில் செல்போனை வைத்துக்கொண்டு தெருவில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வயர்லெஸ்காரர் ஞாபகம்தான் வரும். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே, இது எதற்குப் பாட்டி என்கிறாள். எல்லாம் வேண்டியதுதான், எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசியாக இருக்கும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் ரோட்டில், ஐப்பசி மழையில் ஒரு வளைவே சரிந்து பாதி ரோட்டை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு வண்டி போகிற அகலம். அதற்கு மேலே பாறைகள் இப்பவோ அப்பவோ என்று நின்றன. என் வீட்டுக்காரரும் இன்னும் சில ஆண்களும் இடுப்பில் வடம் கட்டித் தொங்கிக்கொண்டு, கடப்பாரையால் அந்தப் பாறைகளை நெம்பி உருட்டுவார்கள். பெண்கள் நாங்கள் கீழே கல் சுமப்போம். அவர் தொங்குவதைப் பார்க்கக்கூடாது என்று தினமும் நினைப்பேன், தினமும் பார்ப்பேன்.

ஆட்கள் மேலே தொங்கும்போது ஒரு வண்டியும் உள்ளே வரக்கூடாது. முதலில் இரண்டு பக்கமும் கொடி வைத்துப் பார்த்தார்கள். அந்த மலை மூட்டத்தில் கொடியாவது ஒன்றாவது. தூக்குச்சட்டியைத் திறந்தால் சோற்றுக்குள்ளேயும் மூட்டம் இறங்கும். அதனால்தான் ரோட்டு ஆபீசில் இரண்டு வாக்கிடாக்கி கொடுத்தனுப்பினார்கள். இரண்டு செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த மாதிரி கனம், தலையில் ஒரு நீளக் கம்பி. மேல்பக்கப் பெட்டி, நாங்கள் கல் சுமக்கிற இடத்தில், பட்டாளத்திலிருந்து வந்த ஒருவரிடம். அவரைத்தான் வயர்லெஸ்காரர் என்கிறேன். கீழ்ப்பக்கப் பெட்டி அய்யம்பாளையத்துக்காரர் ஒருவரிடம். தங்கமான மனிதர், ஆனால் வாய் நிற்காது.

வயர்லெஸ்காரர் அந்தப் பெட்டியைப் பிடிக்கிற அழகே அழகு. கம்பியை நட்டுக்குத்தலாக வைப்பார், அதைத் தொடமாட்டார். வாயோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, பொத்தானை அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம்தான் பேசுவார். சொல்லி முடித்ததும், இனி நீ பேசு என்பதற்கு 'ஓவர்' என்று சொல்லிப் பொத்தானை விட்டுவிடுவார். அந்தப் பக்கம் சொன்னதை இவர் அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும், இவர் சொன்னதை அவர். 'வண்டியை விடு' என்ற வார்த்தை திரும்பி வராவிட்டால் வண்டி நகராது. சத்தமே இல்லையென்றாலும் நகராது. இடி இடித்தால் கம்பியை உள்ளே இழுத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவார். மின்சார வயர் இழுத்துப் பாறைக்கு வெடி வைக்கிற அன்று, பெட்டியை அணைத்துத் தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவார், ஆள் விட்டுத்தான் சேதி சொல்வார். இதிலிருந்து போகிற அலை வெடியைத் தூண்டிவிடுமாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு அவ்வளவு பயந்த ஆணை நான் பார்த்ததில்லை. அந்தப் பயத்தால்தான் எங்கள் வீட்டு ஆண்கள் சாயங்காலம் முழுசாக இறங்கி வந்தார்கள்.

கீழ்ப்பக்கத்து அய்யம்பாளையத்தார் கதை வேறு. யாரோடு பேசினாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்காமல் அவருக்கு ஆரம்பிக்க வராது. பெட்டியிலும் அப்படித்தான். 'சாப்ட்டீங்களாண்ணே' என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகப் பொத்தானை அமுக்கியபடியே நிற்பார். அவர் கை எடுக்காத வரைக்கும் இந்தப் பக்கத்துப் பேச்சு அவருக்குக் கேட்காது. மேலே இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். கை எடுத்ததும், "தம்பி, சாப்ட்டது சாப்டாதத சாயங்காலம் பேசுவோம். சோலிய மட்டும் சொல்லு. ஓவர்" என்பார். மறுநாளும் அதே சாப்ட்டீங்களா. எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நோகும்.

அந்தச் சமயத்தில்தான் வயர்லெஸ்காரரின் சம்சாரம் வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் படுத்திருந்தது. முன்னால் பெற்ற இரண்டும் தங்கவில்லை. இது எப்படியோ என்று எங்களுக்கே கவலை. ஒருநாள் வெள்ளனே வந்து நின்றவர், கொண்டுவந்த இட்லியைக் காக்காய்க்குப் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணே, கீழ பஸ்ஸுல வர்றவுகள விசாரிச்சுச் சொல்லச் சொல்லுங்க. ஒரு வார்த்தைதான, யாரு கேக்கப் போறா?" என்றேன்.

"இது ரோட்டுச் சோலிக்குக் குடுத்த லைசென்சும்மா. எஞ் சோலிக்கு இல்ல."

உயிர் போகிற அவசரத்துக்கு யாரும் பேசலாம் என்று அவரே சொல்லியிருந்தார். தான் மயங்கி விழுந்தால் எங்கே அமுக்கவேண்டும் என்றுகூட எங்களுக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். அதைச் சொல்லி மடக்கினேன், இதுவும் உயிர்ச் சங்கதிதானே என்று.

"அங்க டாக்டரம்மா இருக்காக. நான் பேசுனா அவுகளுக்கு என்ன ஒத்தாசை? நான் அமுக்கிப் பேசுற நேரத்துல கீழருந்து தம்பி, பாறை அசையுதுன்னு சொன்னா எனக்குக் கேக்காது. மேல தொங்குறது ஒம் புருசன்."

நான் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன். பக்கத்தில் கல் சுமந்தவள் மட்டும், இந்த ஆளுக்கு நெஞ்சிலும் ஒரு பாறை இருக்கு, அதையும் கடப்பாரை போட்டு நெம்பணும் என்றாள்.

வெயில் ஏறி மூட்டம் விலகுகிற நேரம், பெட்டி கரகரத்தது. அய்யம்பாளையத்தார்தான். ஆச்சரியமாக, அன்றைக்குச் சாப்ட்டீங்களா இல்லை. "அண்ணே, பஸ்ஸு வந்து நிக்கிது. ஒங்க மாமியா உள்ள இருக்காக. ஓவர்."

நல்ல சேதியென்றால் மகளை விட்டுவிட்டு அந்தம்மா இவ்வளவு வெரசாக எதற்கு மலையேறி வரவேண்டும்? அவர் முகத்திலும் அதே கேள்விதான். விடு என்று ஒரு வார்த்தை சொன்னால் பஸ் வந்துவிடும். கீழே அந்த மனிதருக்குச் சேதி தெரியும், கேட்டால் சொல்லிவிடுவார். மேலே என் வீட்டுக்காரர் ஒரு பெரிய பாறையின் அடியில் கடப்பாரையைக் கொடுத்து, பாதி நெம்பி வைத்திருக்கிறார்.

வயர்லெஸ்காரர் பொத்தானை அமுக்கினார். ஒரு மூச்சு விட்டார். "மேல ஆள் தொங்குது. பஸ்ஸு நிக்கட்டும். ஓவர்."

"மேல ஆள் தொங்குது, பஸ்ஸு நிக்கட்டும்" என்று அங்கிருந்து திரும்பி வந்தது. கொஞ்சம் இழுத்து, மனசில்லாமல் 'ஓவர்'.

அந்தப் பாறை லேசில் வரவில்லை. கீழே பஸ்காரர்கள் அங்கிருந்த ஒரு பாய் கடையில் டீ குடித்துக்கொண்டு எங்களைத் திட்டியிருப்பார்கள். இவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்து, பாறையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. ஒருவழியாகப் பாறை உருண்டு, ரோட்டில் ஒரு குதி குதித்துப் பள்ளத்தில் விழுந்தது. ஆண்கள் வடத்தைப் பிடித்து மேலேறிக்கொண்டார்கள். இவர் தலைகளை எண்ணினார். சிதறிய கல்லை நாங்கள் ஓடி ஓடி ஒதுக்கினோம், அப்படி ஓடி வேலை செய்தது அன்றைக்குத்தான். பிறகுதான் 'வண்டியை விடு' போனது, திரும்பியும் வந்தது.

பஸ் வந்தது. அந்தம்மா இறங்கியது. இறங்கியும் சேதி வரவில்லை. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனுக்கு நேரே நின்று பேசமாட்டார். அந்தம்மா முந்தானையை இழுத்து மூடி, என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "ஆத்தா, அவுககிட்டச் சொல்லு" என்றது. மருமகன் கைக்கெட்டுகிற தூரத்தில் நிற்கிறார், அவர் காதில் எல்லாம் விழுகிறது. ஆனாலும் அவர் என் முகத்தைத்தான் பார்க்கிறார்.

"பொட்டப்புள்ள பெறந்துருக்காம். தாயும் புள்ளையும் சொகமா இருக்காகளாம்" என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "ஓவர்" என்றும் சொல்லிவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் நிமிர்ந்து நின்றார்.

"பொட்டப்புள்ள. தாயும் புள்ளையும் சொகம்" என்று என்னிடம் திருப்பிச் சொன்னார். ஓவர் சொல்லவில்லை. பெட்டியைக் கல்லின்மேல் பத்திரமாக வைத்து, கம்பியை உள்ளே தள்ளிவிட்டு, அப்புறம்தான் துண்டால் முகத்தை மூடினார்.

பின்னால் இருந்து அந்தம்மா மறுபடி என் தோளைத் தொட்டது. "அவுக சாப்ட்டாகளான்னு கேளு, ஆத்தா."