பனியும் தீயும் பார்த்த கால்கள்

அப்பா இல்லாத ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் சிலர் அப்பாவின் கால்களைப் பற்றிப் பலவிதமாகப் பேசியவர்கள். அவர்களும் ஆற அமர உட்கார்ந்து படிக்கும்படி மகளாகிய நான் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா பிறந்தது பர்மாவில், தன்லியினில். இளம் வயதிலேயே ரங்கூனின் அலோன் பகுதிக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எண்பத்தெட்டாம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு அந்த வேலையும் சரியாகக் கிடைக்காமல் போகவே, சரக்குக் கப்பலில் சமையல்காரராகச் சேர்ந்தார். ஊரில் இருக்கும் ஆண்டுகளில் எல்லாம் விரதமிருந்து, காப்புக் கட்டி, அம்மன் கோவிலில் தீ மிதிப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே.

ஒரு குளிர்காலத்தில் கப்பல் ஜப்பானின் வடகோடியில் சிறு துறைமுகம் ஒன்றில் நின்றது. எங்கள் தெருவில் வளர்ந்த பர்மியர் கோ மின், புதிதாகக் கப்பலேறியவர், வீட்டுக்குப் போன் பேச இறங்கினார். ரங்கூனில் மழைக்கும் வெயிலுக்கும் ரப்பர் செருப்புதானே, பனிக்கும் அது போதும் என்று நினைத்துவிட்டார். அவர் போன பிறகு பனிப்புயல் பிடித்துக்கொண்டது. அந்த ஊரிலேயே பலரைப் பலி வாங்கிய புயல் அது. போனவர் திரும்பவில்லை. யார் தடுத்தும் கேட்காமல் அப்பா தேடப் போனார்.

ஒரு கிடங்குச் சுவரோரம் கோ மின் சுருண்டு கிடந்தார். செருப்பு எங்கேயோ போய்விட்டது. அப்பா தம் பூட்ஸைக் கழற்றி அவருக்கு மாட்டினார்.

"உங்களுக்கு, அண்ணே?" என்றாராம் கோ மின்.

"நெருப்பையே மிதிச்ச காலுடா. இந்தப் பனி என்ன பண்ணிரும்? எந்திரி."

கிடங்கில் கிடந்த சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு, கோ மின்னைத் தோளில் சாய்த்துக் கப்பலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வந்ததும் மரத்துப்போன கால்களை அடுப்பின் வாயருகே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நெருப்பு நமக்குப் பழக்கம்தானே என்ற நினைப்பு. தோல் வெந்தது அவருக்குத் தெரியவே இல்லை. மருத்துவமனையில் இரண்டு பெருவிரல்களையும் பக்கத்து விரல்கள் சிலவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

ஊர் திரும்பியவரை நலம் விசாரிக்க வந்தவர்கள், "ஆத்தா கைவிட்டுட்டா. விரதத்துல ஏதோ குறை" என்று எங்கள் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டே சொன்னார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. திருவிழா வந்தபோது கோவில் பெரியவர் காப்புக் கட்ட மறுத்தார்.

"விரலில்லாம நடுக் குழியில விழுந்துட்டீங்கன்னா யாரு பொறுப்பு?"

"விழ மாட்டேங்க. அடுத்த வருசம் வந்து காட்டுறேன்" என்றார் அப்பா.

அந்த ஆண்டு முழுவதும் வீட்டுப் பின்புறத்தில் அம்மாவின் தோளைப் பிடித்து நடை பழகினார். விரலில்லாத பாதம் முன்னால் சாயும், பலமுறை விழுந்தார். பிறகு தோளை விட்டார். மறு ஆண்டு பெரியவரால் மறுக்க முடியவில்லை. பூக்குழியின் நடுவில் அப்பா ஒருமுறை தள்ளாடினார். நிமிர்ந்து, மீதித் தூரத்தையும் நடந்தே கடந்தார். வெளியே வந்து என்னிடம், "லபெயே ஒண்ணு சொல்லும்மா, சீனி தூக்கலா" என்றார். அந்தத் தேநீரைக் குடித்த பிறகுதான் உட்கார்ந்தார்.

அதன்பின் கடைசித் திருவிழா வரை ஓர் ஆண்டும் அவர் விடவில்லை. நெஞ்சுவலி வந்து படுத்தது சில நாட்கள்தான்.

மருத்துவமனைக்கு அலைந்த அலோன் அண்டைவீட்டாருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த கோ மின்னுக்கும் எங்கள் நன்றி. புறம் பேசியவர்களுக்கும் நன்றி. நீங்கள் பேசப் பேச அப்பாவின் நடை உறுதியானது.

நிறைவாக அம்மாவுக்கு என் நன்றி. இறுதிச் சடங்கில் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட நூலோடு வந்த பெரியப்பா, கட்ட விரலில்லாமல் திகைத்து நின்றார். பார்வைக்கு நன்றாக இராது, துணியால் மூடிவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். அம்மா அந்தத் துணியைக் கையில் வாங்கிக்கொண்டு பெரியப்பாவிடம் சொன்னார்.

"மூட வேணாம் மாமா. அந்தக் காலு நெருப்பைப் புதுசாவா பாக்கப் போகுது?"

அப்படியே சுடுகாட்டுக்குக் கொண்டுபோனோம்.