பஞ்சாயத்துக்குப் போன ரெபேக்காள்

ரெபேக்காள் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரியை ஒட்டி இருந்த காலனியில் ஓலை வேய்ந்த ஒரு சின்னக் கோயில். பாதிரியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் மூப்பர் சாமுவேல் ஆராதனை நடத்திவிட்டு, “யாராவது ஜெபிக்கலாம்” என்பார். உடனே ரெபேக்காள் முட்டி போட்டுவிடுவாள். பஞ்சாயத்து ரேடியோவில் வாரம் முழுக்க அவள் காதில் விழுந்ததெல்லாம் அப்போது வெளியே வரும்.

“ஆண்டவரே, டில்லியில புதுசா பிரதமரா வந்து கீறவரு ஒல்லியா, குள்ளமா கீறாராம். தூக்கற பாரமோ மல மாதிரி கீது. அவரு முதுகுக்குப் பலம் குடும். பட்டணத்துல அரிசிக்கு ஜனங்க வெயில்ல நிக்கறாங்களாம். நாத்து நடற எனக்கே கூழுதான். அவங்களுக்கும் குடும், எங்களையும் மறந்துடாதியும்.”

பின்னால் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள். அவள் மூச்சு வாங்கும் இடம் பார்த்து சாமுவேல் “ஆமென்!” என்று உரக்கச் சொல்லி அடைத்துவிடுவார். இல்லாவிட்டால் அவள் அமெரிக்கா வரைக்கும் போய்விடுவாள்.

பிறந்தபோது அவளுக்கு வைத்த பேர் சிட்டம்மாள். காலனியின் கீழண்டைத் தெருவில் மாரியம்மனைக் கும்பிடும் வீட்டுப் பெண். மேலண்டைத் தெரு ஐசக்கைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் ஞானஸ்நானம் வாங்கினாள். பாதிரியார் ரெபேக்காள் என்று பேர் வைத்தார். வாய் நிறைய இருந்த அந்தப் பேர் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அண்ணன் முனியன் மட்டும் இன்னும் ‘சிட்டு’ என்றுதான் கூப்பிடுவான். அவன் அம்மனை விடவில்லை. அவளும் அண்ணனை விடவில்லை. பொங்கலுக்கு அவள் குடும்பம் அங்கே சாப்பிடும், கிறிஸ்துமசுக்கு அவன் குடும்பம் இங்கே.

அறுபதுகளின் நடுவில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. காலனி வார்டு அரிசனங்களுக்கு ஒதுக்கிய இடம். யாரை நிறுத்துவது என்ற பேச்சே எழவில்லை. சுடுகாட்டுப் பாதையை ஒருவர் வேலி போட்டு அடைத்தபோது தாசில்தார் ஜீப்பின் முன்னால் போய் நின்றவள் ரெபேக்காள். கீழண்டை, மேலண்டை இரண்டு தெருவும் அவள் பேரைத்தான் சொன்னது.

சாமுவேலுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. “அரசியல் அழுக்கும்மா. ஆளறவங்களுக்காக ஜெபம் பண்றதோட நம்ம வேல முடிஞ்சிது” என்றார்.

“அழுக்குன்னு தெரியுது இல்ல, மூப்பரே? அப்ப யாராவது தொடைக்கணுமா வேணாமா?” என்றாள் ரெபேக்காள். “நான் ஜெபம் பண்ணிக்கினே தொடைக்கிறேன்.”

ஊர்த்தெருவில் தையல் கடை வைத்திருந்த வேதாசலத்துக்குத் தேர்தல் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அவரே அவளை உத்திரமேரூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். தேர்தல் அதிகாரி நல்ல மனிதர்தான். பேரைக் கேட்டதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“கிறிஸ்தவங்களுக்கு இந்த இடம் கிடையாதும்மா. சட்டம் அப்படி.”

“எங்க அண்ணன் நின்னா?”

“அவர் இந்துவா? அப்படின்னா தாராளமா நிக்கலாம்.”

“ரெண்டு பேரும் ஒரே வவுத்துல பொறந்தோம் சார்.”

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியே புளியமரத்தடியில் வேதாசலம் குரலைத் தாழ்த்தினார். “சிட்டம்மாள்னு எழுதிக் குடுத்துடு. பொறந்த பேருதான, பொய் ஒண்ணும் இல்லியே. யாரு வந்து தோண்டிப் பாக்கப் போறாங்க?”

அந்த இடம் ரெபேக்காளுக்கு வேண்டியிருந்தது, நன்றாகவே வேண்டியிருந்தது. அதிகாரியின் அறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

“சிட்டம்மாளும் நான்தான். எங்கம்மா வெச்ச பேரு, அதை நான் கொறையா சொல்ல மாட்டேன். ஆனா ஆண்டவரு என்னை ரெபேக்காள்னு கூப்புட்டுட்டாரு. நாக்காலிக்கோசரம் நான் அவரைத் தெரியாதுன்னு சொல்லணுமா? வேணாங்க. சேத்துல எறங்கறப்ப நீ எந்த சாமின்னு யாரும் கேக்கல. குந்தறதுக்கு மட்டும் கேக்கறாங்க. அவங்க கேக்கறது தப்புன்னா, அதுக்கு நான் பொய் சொல்றது சரியாயிடுமா?”

பஸ்சில் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தவள், ஊர் நெருங்கும் நேரத்தில் திடீரென்று சிரித்துவிட்டாள். பஸ்சை விட்டு இறங்கியதும் நேரே கீழண்டைத் தெருவுக்குப் போனாள். முனியன் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, நீ தேர்தல்ல நிக்கறே.”

முனியன் வைக்கோல் பிரியைக் கீழே போட்டான். “இன்னா சிட்டு பேஜார் பண்றே! எனக்குப் பேசவே வராதே.”

“பேசறதுக்கு நான் கீறேன். உன்னைக் குந்தத்தான் சொல்றேன்.”

முனியனுக்குச் சைக்கிள் சின்னம் கிடைத்தது. அவன் ஆயுசில் சைக்கிள் ஏறியதில்லை. பஞ்சாயத்துத் தலைவர் பாண்டுரங்கன் நிலக்காரர்; தன் பண்ணையாள் செங்கேணியைப் போட்டிக்கு நிறுத்தியிருந்தார். அவருடைய ஆட்கள், “சைக்கிள் வுடத் தெரியாதவனுக்கு சைக்கிள் சின்னமா?” என்று கேலி செய்தார்கள். “எங்க அண்ணனுக்கு ஏரு ஓட்டத் தெரியும். நீங்க துன்ற சோறு சைக்கிள்லயா வெளையுது?” என்று வரப்பில் நின்றே பதில் கொடுத்தாள் ரெபேக்காள். நடவுப் பெண்களுக்கு அன்று முழுக்க அதுவே பாட்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஜெபம் எல்லை மீறிவிட்டது. “ஆண்டவரே, செங்கேணி அண்ணனுக்கு நல்ல சொகத்தக் குடும், நல்ல ஆயுசக் குடும். ஓட்டு மட்டும் கொஞ்சம் கொறச்சிக் குடும்.” கோயிலே குலுங்கிச் சிரித்தது. சாமுவேல் சிரிக்கவில்லை.

“ஆண்டவரை நம்ம கட்சியில சேக்கறதா? செங்கேணியும் அவரு புள்ளதானம்மா” என்றார்.

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நியாயம் என்றும் பட்டது. “தப்புதான் மூப்பரே” என்று அங்கேயே ஒப்புக்கொண்டு மறுபடி முட்டி போட்டாள். யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, யார் வீட்டிலும் அடுப்பு அணையக் கூடாது என்று மட்டும் வேண்டினாள். அந்த முறை சாமுவேல் அவசரப்படாமல், மெதுவாகத்தான் ஆமென் சொன்னார்.

அடுப்பைப் பற்றி அவள் வேண்டியதற்குக் காரணம் இருந்தது. செங்கேணிக்கு ஓட்டுப் போடாதவர்களை நடவுக்குக் கூப்பிட மாட்டோம் என்று பண்ணையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெண்கள் பயந்துபோனார்கள். வீடு வீடாகப் போய்த் திண்ணமாகச் சொன்னாள் ரெபேக்காள்:

“நீ பொட்டியில போடறது ஆண்டவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். அவரு பாண்டுரங்கன் ஐயாகிட்ட போய்ச் சொல்ல மாட்டாரு.”

இதைக் கேட்டு மலர்க்கொடி என்ற பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அந்த வாக்கியம் சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கப் பரவிவிட்டது. கீழண்டைத் தெருவில் ஆண்டவருக்குப் பதில் மாரியாத்தாளைப் போட்டுச் சொல்லிக்கொண்டார்கள். ரெபேக்காளுக்கு அதில் வருத்தமில்லை.

தேர்தலன்று பெண்கள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, திருவிழாவுக்குப் போகிற மாதிரி வரிசையில் வந்தார்கள். ஓட்டுகளை எண்ணியபோது முனியன் சுலபமாக ஜெயித்திருந்தான். பறையடித்துக்கொண்டு ஊர்வலம் வரும்போது, தோற்ற செங்கேணி வேலி ஓரமாக நிற்பதைப் பார்த்த ரெபேக்காள் அவனிடம் போனாள்.

“அண்ணா, மனசுல ஒண்ணும் வெச்சிக்காத.”

செங்கேணி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். “இன்னாத்த வெச்சிக்கறது? நானே சைக்கிளுக்குத்தான் போட்டேன். ஜெயிச்சிருந்தா அந்த மனுசனோட பஞ்சாயத்துலயும் நான் மாரடிச்சிருக்கணும். தப்பிச்சேன் தாயி!” என்றான். அவளுக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்தது. அவனையும் ஊர்வலத்துக்குள் இழுத்துக்கொண்டாள்.

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் பெண் உறுப்பினர் யாரும் ஜெயிக்காத பஞ்சாயத்துச் சபை, தானே ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. அந்த இடத்துக்குச் சாதியும் மதமும் கேட்கவில்லை. முதல் கூட்டத்தில், மறுபடியும் தலைவராகியிருந்த பாண்டுரங்கன் தன் மைத்துனி ஆதிலட்சுமியின் பேரைச் சொன்னார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது முனியன் எழுந்தான்.

“ரெபேக்காள்” என்றான். அதற்கு முன்னால் அவன் வாயிலிருந்து அந்தப் பேர் வந்ததே இல்லை. “எங்க ரெபேக்காளைச் சேக்கணும்.”

பாண்டுரங்கன் முறைத்தார். ஊர்த்தெரு உறுப்பினர், விவசாயி முத்துகிருஷ்ணன், “நல்ல பொம்பள. ஏரி மதகு ஒடைஞ்ச ராத்திரி எல்லாருக்கும் முன்னால மண்ணு சுமந்தவ” என்று கையைத் தூக்கினார். உறுப்பினராக இருந்த ஆதிலட்சுமியின் புருசனே கையைத் தூக்கினார். அந்த அம்மாள் தனக்கு இந்தத் தொல்லை வேண்டாம் என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாளாம். ஒரு கை வித்தியாசத்தில் ரெபேக்காள் சேர்ந்தாள்.

ஆள் விட்டு அழைத்தார்கள். வயலிலிருந்து காலைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள். காலனிக்காரர்கள் அந்தக் கட்டடத்தில் வாசலோடு நின்றுதான் பழக்கம். அவள் உள்ளே நுழைந்து, பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் அமர்ந்தாள். முனியன் வேட்டியை ஒதுக்கி இடம் கொடுத்தான்.

“ஏதாவது சொல்லணுமா?” என்றார் பாண்டுரங்கன், எங்கோ பார்த்துக்கொண்டு.

“ஐயா, உங்க மூட்டு வலிக்காக வெள்ளிக்கெழம ஜெபம் பண்ணேன். இப்ப எப்படி கீது?”

தலைவர் திடுக்கிட்டார். “கொஞ்சம்… தேவலை” என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டார்.

“நல்லது. காலனிக்குக் குடிதண்ணிக் கெணறு வேணும். எப்ப வெட்டறது?”

முத்துகிருஷ்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். அடுத்த கோடையில் கிணறு வெட்டினார்கள். கீழண்டைத் தெருவுக்கும் மேலண்டைத் தெருவுக்கும் நடுவில்தான் வெட்ட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அங்கேதான் நல்ல ஊற்றும் கிடைத்தது. தண்ணீர் கண்ட அன்று சாமுவேல் ஜெபம் செய்தார், முனியன் தேங்காய் உடைத்தான். செங்கேணி முதல் வாளியை இழுத்து, யார் என்ன என்று பார்க்காமல் அங்கே நின்ற எல்லார் தலையிலும் வாரி இறைத்தான்.