பெல்ட் கிரைண்டரும் ஆறு கவாத்துக் கத்திகளும்

1. முதல் ஓட்டம்

பெல்ட் கிரைண்டரை முதன்முதலாக ஓட்டிப் பார்த்த அன்று ஷெட்டில் இருந்தவர்கள் நானும், பெரியம்மா மகன் பிரபுவும், அம்மாவும். பிரபு குன்னூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறவன். அம்மா கொழுந்து எடுக்கப் போகாமல் லீவு போட்டிருந்தார். வராதவர்கள் என் மாமா சிவலிங்கமும் அவரோடு தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டும் ஐந்து பேரும். அவர்களுக்குக் கத்தி செய்து கொடுக்கத்தான் அந்த மெஷினையே கட்டினோம். ஆனால் அன்று வேலை நாள். ஆறு பேரும் எஸ்டேட்டில் கான், அதாவது வடிகால், வெட்டப் போயிருந்தார்கள்.

பிரபு சுவிட்சைப் போட்டதும் உப்புத்தாள் பெல்ட் ஒரு பக்கமாக நழுவி, கழன்று, கூரைத் தகரத்தில் அடித்துக் கீழே விழுந்தது.

"இது கத்திய தீட்டுமா, ஆள தீட்டுமா?" என்றார் அம்மா.

பெல்ட்டை நேராக ஓடவைக்கும் டிராக்கிங் வீலின் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டினோம். இந்தத் தடவை பெல்ட் நடுவில் நின்று ஓடியது. ஒரு இரும்புத் துண்டை வைத்தேன். தீப்பொறி வாசல்வரை போனது. அம்மா வெளியே ஓடிப்போய் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் லயத்தில் முதன்முதலில் பிளஸ் டூ தாண்டியவன் நான்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்தேன். அன்றிலிருந்து என்னை எல்லோரும் இன்ஜினியர் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

2. மோட்டார்

கத்தி செய்வதற்கென்றே வரும் பெல்ட் கிரைண்டரை ரெடிமேடாக வாங்கினால் அறுபதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். எங்களிடம் பதினைந்தாயிரம்கூட முழுசாக இல்லை. அதனால் நாங்களே கட்டினோம். பழைய ஸ்கொயர் பைப்பில் பிரேம். ஸ்கூட்டர் ஸ்டாண்டு ஸ்ப்ரிங்கில் டென்ஷன். பெல்ட் ஓடும்போது கத்தியைப் பின்னாலிருந்து தாங்கும் தட்டுக்கு லாரி ஸ்ப்ரிங் பட்டையில் ஒரு துண்டு. டிரைவ் வீலை மட்டும் கோயமுத்தூரில் லேத்தில் கொடுத்து ஆறு அங்குலத்துக்குக் கடைந்தோம். 1440 ஆர்பிஎம் மோட்டாருக்கு நான் போட்ட கணக்கு அது.

மோட்டார் வாங்க உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போனோம்.

"ஏனுங்க தம்பி, என்ன மெஷினுக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"கிரைண்டருக்குங்கண்ணா."

"மாவாட்டறதுக்கா?"

"கத்தி தீட்டறதுக்கு."

"அதையேன் ஊட்டுல சொல்லாம வந்தீங்க? மாவுன்னு நெனச்சு அம்மா அரிசி ஊறப் போட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு இரண்டு மோட்டாரைக் காட்டினார். 1440 ஆர்பிஎம் என்றால் நாலாயிரத்து ஐந்நூறு. தண்ணீர் பம்பிலிருந்து கழற்றிய 2880 இரண்டாயிரத்து இருநூறு.

பிரபு என் முகத்தைப் பார்த்தான். "டே, இது பாதி வெலடா. வேகமா சுத்துனா வேலையும் வேகமா முடியுமில்ல?"

பெல்ட் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் என்பது எனக்குத் தெரியும். வேகம் கூடினால் சூடும் கூடும் என்பதும் தெரியும். அதற்கேற்ற சின்ன வீலை மறுபடி கடையக் காசு இல்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று 2880-ஐயே வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தோம்.

3. பேர்

தேயிலைக் காட்டைப் பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். சில வருஷத்துக்கு ஒரு முறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவாத்து. எஸ்டேட்டில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பகுதிக்கு அது நடக்கும். குச்சியை ஒரே வீச்சில் சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்ட வேண்டும். கிழிந்தால் குச்சி காய்ந்து இறங்கிவிடும். ஒரு நாளைக்கு இத்தனை செடி என்று டாஸ்க் உண்டு. முடித்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். முடிக்காவிட்டால் அரைப்பேர். எங்கள் தாத்தாக்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த வார்த்தை அது. இங்கேயும் அப்படித்தான் சொல்கிறோம்.

மாமாவின் செட்டில் எல்லோருடைய கத்தியும் தேய்ந்து மெலிந்துபோயிருந்தது. தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா ஷெட்டுக்கு வந்தார்.

"மாப்ளே, சித்திரையில கவாத்து. இந்த தடவ ஒரு நாளு கூட அரப்பேரு விழக்கூடாது. சுதாவுக்கு ரெண்டாம் வருச ஃபீஸ் கட்டணும். நல்ல கத்தியா ஆறு அடிச்சுக் குடு."

சுதா மாமாவின் மகள். நர்சிங் படிக்கிறாள். எங்கள் லயத்தில் எனக்குப் பிறகு படிக்கப் போனவள் அவள்தான்.

4. கையுறை

லாரி பட்டையைக் கரி அடுப்பில் காய்ச்சி, அடித்து, கத்தி வடிவத்துக்குக் கொண்டுவந்தோம். செக்கச் சிவக்கக் காய்ச்சிப் பழைய ஆயிலில் முக்கினோம். அப்படி முக்கிய இரும்பு கண்ணாடிபோல் உடையும். கொஞ்சம் இளக்குவதற்கு பிரபுவின் சிநேகிதன் வேலை பார்த்த பேக்கரியில், வர்க்கி பிஸ்கட் சுட்டு எடுத்து முடிந்த அடுப்பில் வைத்து எடுத்தோம். இதுவரை எல்லாம் சரி. வைரமும், அதாவது கெட்டித்தன்மையும், ஏறியது, உடையவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கிரைண்டரில் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, பிடித்தோம். அது உறைபனிக் காலம். காலையில் வாளித் தண்ணீரின் மேல் ஏடு கட்டியிருக்கும். தீட்டும்போது கத்தியை அடிக்கடி தண்ணீரில் முக்க வேண்டும். விரல் விறைத்துப்போனதால் வெல்டிங் கையுறையைப் போட்டுக்கொண்டோம். வெறுங்கையால் பிடித்திருந்தால் சூடு தாங்காமல் நாங்களே கத்தியை எடுத்துத் தண்ணீரில் விட்டிருப்போம். கையுறைக்குள் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கத்தி சூடாகச் சூடாக, குளிருக்கு இதமாக இருக்கிறது என்றுகூட பிரபு சொன்னான்.

நுனி ஓரத்தில் ஒரு இடத்தில் நீலம் பாய்ந்ததைப் பார்த்தேன். இரும்பு நீலம் பாய்ந்தால் வைரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பரீட்சையில் எழுதிய விஷயம். அடுத்து நைஸ் பெல்ட் போட்டு ஒரு இழுப்பு இழுத்ததும் நீலம் மறைந்து வெள்ளையாக மின்னியது. மேலோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு கத்தியும் செய்தித்தாளைச் சத்தமில்லாமல் கிழித்தன. கை மயிரை வழித்தன. கத்திக்கு நானூற்றைம்பது வாங்கினோம். மாமாவின் செட்டில் இருக்கும் யோகன் அண்ணன் கத்தியைத் தூக்கிப் பிடித்து அதில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஏன்டா யோகா, கவாத்து வெட்டப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்றார் மாமா.

5. சாயங்காலம்

கவாத்து தொடங்கியது. வேலை விட்டு அவர்கள் இறங்கி வரும் நேரத்துக்கு நான் தினமும் ரோட்டுக்குப் போய் நிற்பேன். ஆறு பேர் கையிலும் நாங்கள் செய்த கத்தி இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே போனேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

"கத்தி எப்புடி மாமா?"

"அதுக்கென்ன, கண்ணாடியாட்டம் இருக்கு."

"யோகண்ணே?"

"தொரையே கேட்டாருய்யா, இது எங்க வாங்குனதுன்னு. நம்ம பையன் செஞ்சது, இன்ஜினியருன்னு சொன்னோம்."

அவர்கள் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. கத்தி கண்ணாடி மாதிரிதான் இருந்தது. தொரையும், அதாவது எஸ்டேட் மேனேஜரும், கேட்டிருப்பார். அவர்கள் நாளுக்கு நாள் இருட்டிய பிறகு இறங்கி வருவதை நான் கவனித்தேன். இந்த வருஷம் காடு பெரிசு போலிருக்கிறது என்று நினைத்தேன். பிரபுவும் நானும் கோயமுத்தூருக்கு இன்னொரு டஜன் பெல்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தோம்.

6. அத்தை சொன்னது

பக்கத்து எஸ்டேட்டில் இன்னும் கவாத்து தொடங்கவில்லை என்று கேள்விப்பட்டேன். மாமா வந்து ஒரு வார்த்தை சொன்னால் அங்கே இருபது கத்திக்கு ஆர்டர் பிடிக்கலாம். அதைக் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். மாமா வாசலில் உட்கார்ந்து அரத்தால் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரத்தைச் சாக்குக்கு அடியில் தள்ளினார். அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னேன்.

பாக்கியம் அத்தை உள்ளேயிருந்து வந்தார். "போ தம்பி, போயிக் குடு. அங்கயும் நாலு ஊட்டுக்கு அரப்பேரு விழட்டும்."

"பாக்கியம், நீ உள்ள போ" என்றார் மாமா.

"நான் ஏன் போவணும்? ஊரே வாய மூடிக்கிட்டு இருந்தா அந்தப் பையனுக்கு எப்புடித் தெரியும்? நீ கேளு தம்பி. வாரத்துல ரெண்டு நாளு உங்க மாமனுக்கு அரப்பேரு. யோகனுக்கும் அப்புடித்தான். கத்தி பத்துச் செடி தாங்கல. மடங்கிப் போவுது. மடங்குனா குச்சி கிழியுது, கிழிஞ்சா சூப்பரவைசரு ஏசுறான். நின்னு நின்னு தீட்டிக்கிட்டு இருந்தா டாஸ்க்கு எங்க முடியும்? சுதா ஃபீஸுக்கு நான் மகளிர் குழுவுல கடன் வாங்கியிருக்கேன்."

நான் மாமாவைப் பார்த்தேன்.

"ஏன் மாமா சொல்லல?"

"என்னத்த சொல்றது மாப்ளே. நம்ம லயத்துல மொதமொதல்ல ஒருத்தன் படிச்சு, மெஷினு கட்டி, கத்தி செஞ்சு குடுக்குறான். அவன்கிட்ட போயி சரியில்லன்னு சொல்ல எவனுக்கு வாயி வரும்?"

"பழைய கத்திய எடுத்துட்டுப் போயிருக்கலாமே. தேஞ்சிருந்தாலும் அது வெட்டுமே."

மாமா சாக்குக்கு அடியிலிருந்து அரத்தை வெளியே எடுத்தார். பிறகு சொன்னார். "நீதான் சாயங்காலம் ரோட்டுல நிக்கிறியே."

7. செய்தவையும் செய்ய முடியாதவையும்

அன்று மாமாவின் கத்தியை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். முதுகுப் பக்கம் அரத்தை வைத்தால் வழுக்கியது. வாய்ப் பக்கம் வைத்தால் ஆணியை ராவுவதுபோல் ராவியது. முதுகில் இருந்த வைரம் வாயில் இல்லை. அரம் எங்கள் ஷெட்டிலேயே இருந்தது. கத்தியைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தரம் ராவிப் பார்த்திருந்தால் போதும். நாங்கள் காகிதத்தைக் கிழித்துப் பார்த்தோம்.

பிரபு மோட்டாரின் மேல் கையை வைத்தான். "அந்தப் பாதி வெலைய நான் சொல்லாம இருந்திருக்கலாம்டா" என்றான். நான்தானே தலையாட்டினேன் என்றேன்.

இப்போது கிரைண்டரில் 1440 மோட்டார் ஓடுகிறது. இரும்புக்கு வைரம் ஏற்றுவதற்கு முன்னாலேயே வாயை முக்கால்வாசி பிடித்துவிடுகிறோம். பிறகு மிச்சத்தை வெறுங்கையால் பிடிக்கிறோம். குளிர்காலத்தில் வாளியில் வெந்நீர் கலந்து வைக்கிறோம். இவ்வளவு சின்ன வேலை அது. புதிதாக கிரைண்டர் கட்ட நினைக்கும் தம்பிகள் பிரேமிலும் ஸ்ப்ரிங்கிலும் மிச்சம் பிடிக்கலாம், மோட்டாரில் வேண்டாம். செய்த பொருள் எப்படி இருக்கிறது என்று நம் சனத்திடம் கேட்டு நிற்கவும் வேண்டாம். நம்மேல் பிரியம் உள்ளவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பொருளைக் கையில் வாங்கிப் பாருங்கள். முடிந்தால் அது வேலை செய்யும் இடத்துக்கே போங்கள். மலை ஏறி அரை மணி நேரத்தில் நான் அந்தக் காட்டுக்குப் போயிருக்கலாம். போகாமல் ரோட்டிலேயே நின்றேன்.

ஆறு கத்தியையும் மறுபடி காய்ச்சி வைரம் ஏற்றிக் கொடுத்தபோது கவாத்து முடிந்திருந்தது. அடுத்த கவாத்தில் அவை நன்றாக வெட்டியதாகச் சொன்னார்கள். நான் மேலே போய்ப் பார்த்தேன், வெட்டத்தான் செய்தன. அரைப்பேரால் போன சம்பளத்தைத் தந்துவிடுகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன். "சொந்தத்துக்குள்ள என்ன கணக்கு" என்று எழுந்து போய்விட்டார். யோகன் அண்ணன் கிண்டல் செய்தார். மற்றவர்கள் பேச்சை மாற்றினார்கள். ஒருவரும் எவ்வளவு போனது என்று சொல்லவில்லை.

கடைசியில் அத்தைதான் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டு வந்து சொன்னார். ஆறு பேருக்கும் சேர்த்து நாற்பத்தோரு அரைப்பேர். ஒன்றுக்கு இருநூற்றைம்பது வீதம் பத்தாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். மோட்டாரில் நாங்கள் மிச்சம் பிடித்தது இரண்டாயிரத்து முந்நூறு.