ஏழு குடம் தண்ணீர்

எனக்கு வாய் நீளம். ஊரே சொல்லும், மாமியார் தினமும் சொல்வார், அப்பா மட்டும் சொன்னதே இல்லை. அந்த வாயை வைத்துக்கொண்டு நான் ஊமையாக நின்ற ஒரு நாளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அப்பா எங்கள் பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர். கடத்தூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் கறை ஏறியிருக்கும். அப்பாவுக்கும் அப்படித்தான், போட்டோவுக்கு நின்றால் உதட்டை இறுக்கிக்கொள்வார். முதலில் போர்வெல் தண்ணீர், பிறகு ஆற்றுத் தண்ணீர், எது வந்தாலும் அதைத் தெருவுக்கு ஒரு நாள் என்று முறைபோட்டுத் திறந்துவிடுவது அவர் வேலை. காலனி மேட்டில் இருக்கிறது. வேறு எந்தத் தெரு வால்வு லேசாகத் திறந்திருந்தாலும் தண்ணீர் அங்கே ஏறாது. அதனால் காலனி முறையன்று மற்ற எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டு, சைக்கிளில் மேட்டுக்குப் போய்க் கடைசி வீட்டு அக்காவின் குடம் நிறையும்வரை குழாயில் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். முப்பது வருஷம் இதைச் செய்தார். ஒரு தீபாவளிக்குக்கூட முறை மாறியதில்லை.

என் நிச்சயத்துக்கு நல்ல நாள் பார்த்தார்கள், ராகு காலம் பார்த்தார்கள். யாரும் தண்ணீர் முறையைப் பார்க்கவில்லை. அன்று காலனிக்கு முறை! கம்பைநல்லூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். பந்தி தொடங்குவதற்குள் வீட்டுத் தொட்டி காலி.

பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டார். "ஒரு மணி நேரம் நம்ம தெரு வால்வத் தெறந்து வுடுடா. வூட்டு விசேஷம், யாரு கேக்கப் போறாங்க?"

"இன்னைக்கு அவங்க முறைங்கண்ணா" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

பட்டுப்புடவையோடு நான் வாசலுக்கு வந்து அத்தனை பேர் முன்னால் கத்தினேன். "பெத்த பொண்ண விட உங்களுக்குக் காலனிதான் பெருசுங்களா?"

அப்பா புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சைக்கிளில் இரண்டு குடத்தைக் கட்டி, எங்கள் காட்டுக் கிணற்றுக்கும் வீட்டுக்குமாக நடையாய் நடந்தார். சம்பந்தி வீட்டார் அந்த உப்புத் தண்ணீரில் கை கழுவினார்கள். கல்யாணம்வரை நான் அவரோடு பேசவில்லை. பிறகும் சண்டை என்று வந்தால் முதலில் இதைத்தான் இழுப்பேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிப்பார். பாவி நான்.

போன பங்குனியில் ஒரு காலை, காபி குடித்து டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் தர்மபுரியிலிருந்து போய்ச் சேர்வதற்குள் வாசலில் பந்தல் போட்டுவிட்டார்கள். கூட்டம் புழங்கித் தொட்டி வறண்டிருந்தது. அவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. அன்றும் காலனி முறை.

அப்பா ரிட்டயரான பின் வேலைக்கு வந்த ஆபரேட்டர் வால்வு சாவியோடு ஓடிவந்தார். "நம்ம தெருவுக்குத் தெறந்து வுட்டுடட்டுங்களா?"

அப்பாவின் தலைமாட்டில் இருந்த அம்மா நிமிராமலே சொன்னாள். "வேணாம் சாமி. அவரு ஒத்துக்க மாட்டாரு."

பெரியப்பா லாரித் தண்ணீருக்குப் போன் போட்டார். லாரி வருவதற்கு முன்னால் காலனிப் பெண்கள் ஆறு பேர் தலையில் குடத்தோடு வந்தார்கள். ஏழாவது குடம் ஒருத்தியின் இடுப்பில் இருந்தது. கடைசி வீட்டு அக்காவுக்குக் காலில் கட்டு, அவரால் நடக்க முடியாது, கொடுத்தனுப்பியிருந்தார். ஏழையும் வாசல் கேட் ஓரம் வரிசையாக இறக்கினார்கள்.

"அண்ணனுக்கு ஊத்துங்க கண்ணு. இப்பத்தான் புடிச்சது."

பெரியப்பா என் காதருகில் வந்து, "அது உள்ள வரப்படாது. நாளைக்கு நாலு பேரு பேசுவாங்க" என்றார்.

ஒரே டேங்க், ஒரே குழாய். முப்பது வருஷம் அப்பா கை வைத்துத் திறந்த தண்ணீர். சொல்லத் தெரியாமலா நின்றேன்? தொண்டைவரை வந்தது. சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பெரியப்பாவின் மகன்கள்தான் பாடையைத் தூக்க வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெண்கள் தள்ளிப்போய்ச் சாலையோரப் புளியமரத்தடியில் நின்றார்கள். லாரி வந்தது. பச்சை பிளாஸ்டிக் குழாயில் ஏதோ ஊர்த் தண்ணீர் வந்தது. அதில்தான் என் அப்பாவைக் குளிப்பாட்டினார்கள்.

அவரை எடுத்துப்போன பிறகு வீட்டுப் பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். நான் கேட் ஓரம் போனேன். குடங்கள் வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கித் தலையில் கவிழ்த்தேன். அம்மா வந்து பக்கத்தில் நின்றாள், அவளுக்கும் ஊற்றினேன். ஏழும் தீரும்வரை ஊற்றினேன். ஊற்றி என்ன? யாருக்கு ஊற்ற வேண்டுமோ அவர் போய்விட்டார்.

மறுநாள் வெறும் குடங்களைக் கொடுக்கக் காலனிக்குப் போனேன். ஆறு பேரும் அவரவர் குடத்தை வாங்கிக்கொண்டு, கடைசி வீடுவரை என்னோடு வந்தார்கள். அந்த அக்கா கட்டுப்போட்ட காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். குடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"என் தண்ணியையும் அண்ணனுக்கு ஊத்துனீங்களா கண்ணு?"

"ஊத்துனோங்கக்கா" என்றேன்.

மற்ற ஆறு பேரும் என் பின்னால்தான் நின்றிருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.