கை ஆடினால் பிடித்திருக்கிறது

கண்ணாடி வளையல் விற்கிறவளுக்கு முதல் எதிரி அவசரம், இரண்டாவது எதிரி முதலாளி. கடையில் நின்றே கால் வீங்கியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிள்ளான் கடையில் இருந்தவர்கள்: கல்லாவில் முதலாளி தனபாலன், துணிப் பக்கம் மல்லிகா, வளையல் மேசையில் நான். முதலாளிக்கு முப்பத்தைந்து வயது. எனக்கு அறுபத்து மூன்று. மல்லிகா தன் வயதை யாருக்கும் சொன்னதில்லை.

தீபாவளிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. காலையிலேயே முதலாளி என் மேசைக்கு வந்தார். மறுநாள் பாக்கெட் வளையல் இறங்குகிறதாம். சைஸும் நிறமும் மேலேயே ஒட்டியிருக்குமாம். போட்டுப் பார்க்கிற வேலையே இல்லை. "உதிரி வளையலை இப்ப யார் ஆன்டி வாங்குறா? போட்டுப் பார்த்து உடைக்கத்தான் வராங்க" என்றார். வாங்குகிறார்கள் என்றேன். சரி, காட்டுங்கள் என்றார். அன்று அவருக்கு ஒரு கல்யாணம் இருந்ததால் ஆறு மணிக்குக் கடையடைப்பு. அதற்குள் தட்டில் இருக்கிற வளையல் ஒரு டஜனுக்குக் கீழே வந்தால் மேசை என்னுடையது. இல்லையென்றால் மேசையை எடுத்துவிட்டு என்னைப் பின்னால் ஸ்டோருக்கு அனுப்பிவிடுவார்.

ஸ்டோரில் துணி இருக்கும், கை இருக்காது. எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது, கையைப் பார்த்துத்தான் பேசுவேன். "உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்று சொல்லி விற்கவும் வராது. வளையலைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். பிடித்திருந்தால் அந்தக் கை தானாகவே ஒரு முறை ஆடும். ஆடாத கைக்கு நான் விற்பதில்லை. அன்றும் அப்படித்தான் என்று முடிவு செய்துகொண்டு தட்டைத் துடைத்தேன். முதலாளி போகிறபோது சொன்னார்: "வாயத் திறந்து ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்க ஆன்டி, வாய்க்கு வாடகையா கேக்குறேன்?"

மல்லிகாவின் காது

எங்கள் கடைச் சீருடை பழுப்பு நிறம். போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றால் அட்டைப் பெட்டி என்று நினைத்து மேலே பையை வைப்பார்கள். ஒரு அம்மா உண்மையாகவே என் தோளில் துப்பட்டாவைப் போட்டுவிட்டு விலை கேட்டிருக்கிறார்.

மல்லிகா அதே சீருடையில் வருவாள். ஆனால் காதில் தினம் ஒரு ஜிமிக்கி. அன்று தோள்வரை தொங்குகிற கிளிப்பச்சை. "காஜாங் சாத்தே கடையில கறி குத்துற குச்சி மாதிரி என்னம்மா காதுல?" என்று முதலாளி கிண்டல் செய்தார். மாலைவரை அவளுக்குக் கால் வலிக்கவில்லை, எனக்குப் பத்து மணிக்கே வலி ஆரம்பித்துவிட்டது. வலிக்கும் ஜிமிக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "உடம்பு முழுக்க முதலாளிக்கு வித்தாச்சுக்கா, காது மட்டும் என்னுது."

தீம் கெடாத சிவப்பு

நம் ஊரில் இப்போது தீபாவளிக்கு வீடே ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும். மலாய்க்காரர்கள் பெருநாளுக்குச் செய்வதைப் பார்த்து நாமும் 'செடொண்டொன்' ஆகிவிட்டோம். இந்த வருடம் எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறம். அன்று வந்த ஒரு அம்மாவும் அப்பாவுக்குச் சாம்பல் ஜிப்பா, மகன்களுக்குச் சாம்பல் ஜிப்பா, தனக்கும் மகளுக்கும் சாம்பல் சேலை என்று வாங்கி முடித்து, வளையலுக்கு வந்தார். மகளுக்கு இருபது வயது இருக்கும்.

ஒரு டஜன் சாம்பல் போட்டேன். பாசாரில் ஐஸ்மேல் கிடக்கிற மீன் மாதிரி அந்தக் கை அப்படியே கிடந்தது. நடுவில் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு சிவப்பைச் செருகினேன். கை ஆடியது. பெண் சிரித்தாள். "தீம் கெட்டுப் போகும் லா ஆன்டி!" என்றார் அம்மா. பெண் இன்னொரு முறை ஆட்டினாள். அம்மா வாசலில் கணவர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, தன் கையை மேசைமேல் வைத்தார். "எனக்கும் ஒண்ணு போடுங்க. போட்டோல தெரியாத மாதிரி, கடைசியில."

பிரிக்பீல்ட்ஸ் அம்மா

என் கணக்கு எப்போதும் சரியாக வரும் என்று நினைத்துவிட வேண்டாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல், அந்தக் கோபத்திலேயே கிள்ளானுக்கு ஓட்டி வந்த ஒரு அம்மா பச்சை வளையல் கேட்டார். போட்டேன். ஆடவில்லை. நீலம், ஆடவில்லை. ஊதா போட்டதும் கை நன்றாகவே ஆடியது. அன்று முதல்முறையாக வாயைத் திறந்து, "இது உங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டு உதறினார். பிறகு முதலில் கேட்ட பச்சையையே வாங்கிக்கொண்டு போனார். போகும்போது சொன்னது: "பிடிக்கல ஆன்டி, மரத்துப் போச்சு. அரை மணி நேரமா நீங்க கைய விடவே இல்லையே!"

கம்பி அளவு

மூன்று மணிக்குக் காப்பாரிலிருந்து ஒருவர் வந்தார். லோரி ஓட்டுகிறவர், பெயர் ராஜு. சட்டைப் பையிலிருந்து வளைத்த கம்பி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மனைவி செல்வி தூங்கும்போது மணிக்கட்டைச் சுற்றி எடுத்த அளவாம். செல்வி வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. "நைட்டியத் தவிர எதையும் தொடறதில்லக்கா. அலமாரி நிறைய சேலை இருக்கு. ஏதாவது ஒண்ணு போட்டு ஆரம்பிச்சா வெளிய வந்துடுவா."

கம்பியைப் பார்த்தேன். வேலை சுத்தம், அளவு தப்பு. வளையல் மணிக்கட்டில் நிற்கும், ஆனால் அங்கே போவது விரல் முட்டிகளைத் தாண்டித்தான். கட்டைவிரலை உள்ளே மடக்கி, முட்டி இருக்கிற இடத்தில் அளக்க வேண்டும். இந்தக் கம்பி அளவுக்குக் கொடுத்தால் பாதி வழியில் உடைந்து கையைக் கிழிக்கும். பெரிதாகக் கொடுத்தால் பாத்திரம் கழுவும்போது கழன்று விழும். வாங்காதீர்கள், ஆளைக் கூட்டி வாருங்கள் என்றேன்.

கல்லாவிலிருந்து முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். தட்டில் நான்கு டஜன் இருக்கும்போது வந்தவரைத் திருப்பி அனுப்புகிறேன் என்று அவர் முகம் சிவந்தது. ராஜு கம்பியை நிமிர்த்திப் பையில் போட்டுக்கொண்டார். "அவ வரமாட்டாக்கா. வந்தா, நான் கெட்டிக்காரன் இல்ல, நீங்கதான்."

ஐந்தே முக்கால்

ஐந்தே முக்காலுக்குத் தட்டில் இருபத்து மூன்று. மதியத்திலிருந்து வந்த சாம்பல் குடும்பங்களெல்லாம் சிவப்புக்காக ஒன்றொன்றாகக் கழற்றிப் போட்டவையும் அதில் சேர்த்தி. முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அதற்கு அடியில் குனிந்து ராஜு வந்தார், பின்னால் செல்வி. நைட்டி, மேலே ஒரு துண்டு, காலில் வீட்டுச் செருப்பு. "அளவு கொடுத்துட்டுப் போயிடலாம்னு பொய் சொல்லிக் கூட்டியாந்துட்டாரு" என்றார் செல்வி, யாரையும் பார்க்காமல். அவருக்கும் என்னைப் போலவே முகத்தைப் பார்க்க வரவில்லை. அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

வழுக்கி ஏறட்டும் என்று மெல்லிய பிளாஸ்டிக் பையை அவர் கையில் மாட்டி, அதன்மேல் வளையலை ஏற்றினேன். முதலில் சாம்பல். கை கிடந்தது. மஞ்சள். கிடந்தது. "சீக்கிரம் ஆன்டி" என்றார் முதலாளி. "ஜோரா இருக்குன்னு சொல்லுங்கக்கா" என்று மல்லிகா என் காதில் கிசுகிசுத்தாள். நான் சொல்லவில்லை. சொன்னால் செல்வி வாங்கிவிடுவார், வாங்கி அலமாரியில் சேலைகளோடு வைத்துவிடுவார். தட்டை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

பிறகு செல்வியே ஒரு பச்சையை எடுத்தார். அடுத்து ஒரு சிவப்பு. மறுபடி அந்த மஞ்சள். டஜன் கணக்கு, ஜோடி, தீம் எதுவும் இல்லை. இடது கையில் ஒன்பது, வலது கையில் ஒன்பது. இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார். கடை முழுக்கக் கேட்டது. ராஜு சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்வி துண்டை எடுத்து மடித்து அவரிடம் கொடுத்தார். "வீட்டுக்குப் போய் அந்த நீலச் சேலையக் கட்டிக்கிறேன், ராத்திரி பாசார் மாலாமுக்குப் போலாம். இந்தக் கையோட உள்ள உக்கார முடியாதுங்க."

தட்டில்

அவர்கள் போன பிறகு முதலாளி தட்டைத் தானே எண்ணினார். நானும் சேர்ந்து எண்ணினேன், அவர் ஒன்று தப்பவிட்டதைத் திருத்தினேன். பிறகு மறுநாள் வரப்போகிற பாக்கெட்டுகளுக்கு எந்த நிறம் ஆர்டர் கொடுத்திருக்கிறார் என்று கேட்டேன். அவர் தட்டைப் பார்த்தார், மல்லிகாவின் ஜிமிக்கியைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். ஷட்டர் பூட்டைத் தேடிக்கொண்டே சொன்னார்: "மேசை இருக்கட்டும் ஆன்டி, நாளைக்கு அந்தப் பாக்கெட்டையெல்லாம் பிரிச்சு ஒண்ணொண்ணா போட்டு விடுங்க."

உள்ளே வரப்போவது முந்நூறு பாக்கெட் சாம்பல், அன்று தட்டில் மீதம் ஐந்து வளையல், ஐந்தும் சாம்பல்.